துவர்த்துக்குக் கீழே ஐந்து கறை

புதுக்கடை
13.11.2025, வியாழன், காலை 11.05

கர்த்தருக்குள் மரியாதைக்குரிய ஞானசிங் மாமாவுக்கு, உங்கள் வருங்கால மருமகன் ஜெனித் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே அம்மை சுகம், சித்தி சுகம், நான் சுகம். வண்டி சுகமில்லை.

நவம்பர் 11, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் 3.40-க்கு உங்கள் வண்டியின் பின் சீட்டில் கறை ஒன்று இருந்தது. இப்போது ஐந்து இருக்கிறது. இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் உங்கள் போனை எப்போதும் நேசம்மாள் அத்தைதான் எடுக்கிறார்கள், வண்டியோ அத்தையின் பேரில் இருக்கிறது. போதாததுக்கு, முப்பத்தொரு வருஷம் ஆபீஸ் சூப்பிரண்டாக இருந்த நீங்கள் நிச்சயத்தன்றைக்கே என்னிடம் சொன்னீர்கள்: "எதையும் எழுத்துல குடு மக்கா. ரெண்டு பிரதி எடு, ஒண்ணை நீ வச்சுக்கோ." எடுத்திருக்கிறேன். மறுநாளே கிடைக்கிற கொரியர் கவரின் மேல் 'விவாக ஓலை சம்பந்தமாக' என்று எழுதியிருப்பதால் பெங்களூரில் அத்தை பிரிக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் மூத்த மகள் வீட்டுக்குப் புறப்படும்போது, கல்யாண கார்டு கொடுக்க உதவும் என்று வண்டியை என்னிடம் விட்டீர்கள். சாவியோடு, டைப் செய்த நிபந்தனைத் தாள் ஒன்றும் தந்தீர்கள். மொத்தம் ஏழு நிபந்தனை. நாலாவது, பின் சீட்டில் விரித்திருக்கும் துவர்த்தை எக்காரணம் கொண்டும் எடுக்கக் கூடாது. மணல் நிறத்தில் சீட் துணி எடுத்துவிட்டு அதன்மேல் குளித்துத் துவட்டுகிற துவர்த்தை விரித்து வைப்பவருக்குத் துணி தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை என்று அப்போதே தோன்றியது. சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். கிளம்பும்போது நீங்கள், "வண்டியைப் பாத்துக்கிடத் தெரிஞ்சவன்தான் எனக்க மவளையும் பாத்துக்கிடுவான். ஓலை இன்னும் ரெண்டு வாசிக்கக் கெடக்குல்லா?" என்று சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை. அந்த இரண்டு கல்யாண அறிவிப்பில் ஒன்று போன ஞாயிறு சபையில் வாசித்தாயிற்று. கடைசி ஓலை வருகிற ஞாயிறு. இந்த விவாகத்துக்கு யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று போதகர் கேட்கும்போது முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கப் போகிறவர் நீங்கள். அதனால்தான் இந்த விவரம்.

செவ்வாயன்று அம்மையும் ஜெஸ்பின் சித்தியும் பின் சீட்டில் இருந்து கவரில் பேர் எழுதிக்கொண்டே வந்தார்கள். கார்டின் கவர் வழவழப்பு, பேனா பிடிக்காது. அதனால் சந்தை முக்கில் கறுப்பு பெர்மனென்ட் மார்க்கர் ஒன்று வாங்கிக் கொடுத்திருந்தேன். வழியில் மழை தூறியது, கண்ணாடி ஏற்றுவதற்குள் அம்மை துவர்த்தை உருவிக் கார்டுகளை மூடிவிட்டார்கள். நாலாம் நிபந்தனை அங்கேயே போயிற்று. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் சீட்டில் மூடி இல்லாத மார்க்கர், பக்கத்தில் கட்டைவிரல் நீளத்துக்குக் கறை. யாரும் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு ரப்பர் கையுறை கம்பெனிக்குப் போனேன். அங்கே லேபில்தான் எனக்கு வேலை, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இருக்கும். போய்வர நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷம் கை கட்டி நிற்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அம்மை எலுமிச்சங்காயும் கல்லுப்பும் போட்டுத் துணி துவைக்கிற பிரஷால் தேய்த்திருந்தார்கள். துணியின் மேல்நூல் எழும்பிப் பூனை மயிர்போல நின்றது. அது இரண்டாவது கறை. "ஏலே, மை தானே, எலுமிச்சங்கா போட்டா போவாதா?" என்று அம்மை கேட்க, சித்தி, "அக்கா தேச்சது காணாது, நான் பேஸ்டு போட்டேன், பல்லுல உள்ள கறையே போவுது" என்றார்கள். பேஸ்ட் காய்ந்து வெள்ளையாய்ப் படிந்தது மூன்றாவது கறை. வண்டிக்குள் புதினா வாசம் அடிக்கிறது. அதைக் கறைக் கணக்கில் சேர்க்கவில்லை.

முறை எனக்குத் தெரியும். வெள்ளைப் பருத்தித் துணியில் ஆல்கஹாலை நனைத்து ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும். ஒற்றிய பக்கத்தை மறுபடி வைக்கக் கூடாது. முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பார்க்க வேண்டும். சோதனை தவிர எல்லாம் செய்தேன், நேரமில்லை. மை துணிக்கு ஏறியது. நீலமாக ஏறியது. "நீ வாங்கித் தந்தது கறுப்புல்லா மக்கா, இது என்ன நீலமாட்டு வருது?" என்று அம்மை கேட்டார்கள். கறுப்பு மை என்பது பல நிறங்களின் கலவை, ஆல்கஹால் பட்டால் தனித்தனியாகப் பிரியும், இது பாலிடெக்னிக்கில் முதல் வருஷப் பாடம் என்று ஒரு பத்து நிமிஷம் விளக்கினேன். அம்மை தலையாட்டினார்கள். ஆனால் பாதிக்குமேல் கறை போகவில்லை. புது மை இருபது நிமிஷத்தில் போயிருக்க வேண்டும். இது ஊறிக் காய்ந்த மைபோல அடியில் பிடித்துக்கொண்டது. ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை.

அதற்குள் வெள்ளைத் துணி தீர்ந்துபோய், துணி எடு என்று கையை நீட்டினேன். சித்தி வைத்த துணி சிவப்பு ரவிக்கைத் துண்டு. ஆல்கஹாலுக்கு மார்க்கர் சாயம் ரவிக்கைச் சாயம் என்ற பேதமில்லை, சிவப்பு இறங்கியது. நாலாவது கறை. நேற்று காலை அந்தச் சிவப்பை எடுக்க லேபிலிருந்து அசிட்டோன் கொண்டுவந்தேன். அதற்கும் சோதனை செய்யவில்லை. அசிட்டோன் பட்டதும் துணியின் நிறம் வெளுத்து, அடியில் பஞ்சை ஒட்டியிருந்த பசை இளகி, உள்ளங்கை அளவுக்கு சீட் குழிந்துவிட்டது. ஐந்தாவது. இது முழுக்க என் தவறு. அம்மைமேலும் சித்திமேலும் போட வழியில்லை, போட்டுப் பார்த்தேன்.

அஜிஷாவுக்குப் போன் செய்து சொன்னேன். கறை எவ்வளவு பெரிது என்று அவள் கேட்கவில்லை. "துவர்த்தை எதுக்கு எடுத்தீய?" என்று மட்டும் கேட்டாள். பிறகு கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அழுகிறாள் என்று நினைத்து வைத்துவிட்டேன்.

மாமா, சுற்றிவளைக்க எனக்கு வராது. துவர்த்தை எடுத்ததற்கு மன்னிப்பு. முதல் கறைக்கு மன்னிப்பு, அதிலிருந்து பிறந்த மற்ற நாலுக்கும் மன்னிப்பு. இன்றைக்கு மத்தியானம் வண்டியை மார்த்தாண்டத்தில் சீட் தைக்கிற சுயம்புராஜ் அண்ணனிடம் கொண்டுபோகிறேன், பின் சீட்டு முழுவதையும் புதிதாகப் போடச் சொல்லப் போகிறேன். ஒரு பொருளைப் பார்த்துக்கொள்ளத் தெரியாதவன் என்று நீங்கள் முடிவு செய்தால், ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில் எழுந்து நிற்க வேண்டாம், சனிக்கிழமைக்குள் எனக்கு ஒரு வரி எழுதினால் போதும். எனக்கு அஜிஷாவைக் கட்ட வேண்டும். அதற்கும் சீட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்பது என் கருத்து.

வெள்ளி ராத்திரி ரயிலில் உங்களுக்கு ஜன்னலோரம் கிடைக்கவும், அத்தைக்கு நல்ல தூக்கம் கிடைக்கவும் கர்த்தர் கிருபை செய்வாராக. அத்தைக்கு என் ஸ்தோத்திரம் சொல்லவும். காரணம் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
கீழ்ப்படிதலுள்ள,
ஜெனித்

பின்குறிப்பு (அதே நாள், பிற்பகல் 2.50, மார்த்தாண்டம்): கொரியரில் போடுவதற்குள் சுயம்புராஜ் அண்ணன் கடைக்கு வந்துவிட்டேன், அதனால் கவரைப் பிரித்து எழுதுகிறேன். அண்ணன் கதவைத் திறந்தார். ஐந்து கறையையும் பார்த்தார். பார்த்துவிட்டு, "துவர்த்து எங்கடே?" என்றார். எனக்கு விளங்கவில்லை. "இது ஞானசிங் சாருக்க வண்டில்லா? அறுப்பின் பண்டிகைக்கு அடுத்த நாளே கொண்டாந்தாரே. சபை ஏலத்துக்கு வாழைக்குலை கொண்டு போனவரு, குலை மாறிப்போவப்பிடாதுன்னு காம்புல பேரெழுதியிருக்காரு, மார்க்கரை மூடாம சீட்டுல வச்சுட்டாரு. வண்டில வாழைக்குலை ஏத்தப்பிடாதுன்னு வீட்டுல சட்டமாம். சீட்டைக் கழத்த மூணு நாளு ஆவும்னு சொன்னேன். மூணு நாளு வண்டி இல்லைன்னா நேசம்மா கேப்பாளேன்னு எதுத்த கடைல ஒரு துவர்த்து வாங்கி விரிச்சுட்டுப் போயிட்டாரு." என்ன நிறம் மை என்று கேட்டேன். நீலம் என்றார். அஜிஷாவுக்குப் போன் செய்தேன். நேற்று அவள் அழவில்லை, துவர்த்துக்குக் கீழே என்ன இருந்தது என்று தெரிந்தே போனைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறாள். அப்பா எழுத்தில் என்ன பதில் தருவார் என்று பார்க்கக் காத்திருந்தாளாம். எங்கள் கறுப்பு மார்க்கர் சீட்டில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை. அம்மையிடம் நடத்திய பத்து நிமிஷப் பாடத்தை எப்படித் திரும்பப் பெறுவது என்று தெரியவில்லை. ஆகவே மேலே எழுதியதை ரத்து செய்து, இனி நான் செய்யப்போவது:

1. முதல் கறைக்குக் கேட்ட மன்னிப்பு வாபஸ். மற்ற நாலுக்கும் கேட்டது நிற்கும்.

2. சீட்டைக் கழற்றப் போவதில்லை. மூன்று நாள் இல்லை. எதிர்த்த கடையில் இன்னும் பெரிய துவர்த்து ஒன்று வாங்கியிருக்கிறேன், ஐந்து கறையையும் மூடப் பழையது காணாது.

3. சனிக்கிழமை குழித்துறை ஸ்டேஷனில் அத்தையை முன் சீட்டில் இருத்துவேன். பின் சீட்டின் நடுவில், குழியின்மேல், நீங்கள் இருக்க வேண்டும். இறங்கும்வரை நகரக் கூடாது.

4. அத்தை கேட்டால் பொய் சொல்லமாட்டேன். கேட்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

5. நீங்கள் சொல்லித் தந்தபடி இந்தக் கடிதத்தின் இரண்டாம் பிரதி, பின்குறிப்பும் சேர்த்து, என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடைசி ஓலை வாசித்து, ஆட்சேபம் யாருக்கும் இல்லை என்று கண்டு, போதகர் அடுத்த பாட்டின் நம்பரைச் சொல்லும்போது அதைக் கிழிப்பேன்.