சுடுதண்ணிப் பை

"வயித்துல என்ன கட்டியிருக்கீங்க?"

படகுத்துறையில் வைத்து இந்தக் கேள்வியைக் கேட்டவர் அலெக்சாண்டர், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். பம்பாயிலிருந்து சீமைக்குப் போகும் கப்பலில் அவருக்கு வேலை. காலையில் பெண் பார்த்தாயிற்று. மாப்பிள்ளைக்குப் பிடித்தும் போயிற்று. பெண் அருள்மேரி அடுப்படியில் நின்று பாடவே ஆரம்பித்துவிட்டாள். பாக்கி இருந்தது இந்த மாமன் தலையை ஆட்டுவது ஒன்றுதான். அவரைக் கேட்காமல் அந்தக் குடும்பத்தில் ஒரு ஆட்டுக்குட்டிகூட வாங்கமாட்டார்களாம்.

"சுடுதண்ணிப் பைங்க. லேசா வயித்துவலி," என்றார் பெண்ணின் தகப்பனார் மரியஅந்தோணி.

பை நிஜம்தான். கொடைக்கானல் குளிருக்கு வீட்டுக்கு வீடு கிடக்கிற ரப்பர் பை. உள்ளே இருந்ததுதான் சுடுதண்ணி இல்லை, பிராந்தி.

மனுஷனைக் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. தரகர் போகிற போக்கில், "கப்பல்காரரு, பாத்துக் கவனிச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கப்பல்காரன் என்றால் குடிப்பான், குடிக்காதவன் எதற்கு நடுக்கடலுக்குப் போகிறான் என்பது மரியஅந்தோணியின் அபிப்பிராயம். மிஷன் பள்ளிக்கூடத்துக் குமாஸ்தா வேறு எதைக் கண்டார்? ஊரெல்லாம் மதுவிலக்கு. நாயுடுபுரத்தில் குடிக்கப் பெர்மிட் வைத்திருந்த ஒரு துரையின் சமையல்காரரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு அரை பாட்டில் வாங்கினார்.

வீட்டில் வைத்துக் கொடுக்க முடியாது. மனைவி கித்தேரியம்மாள் விளக்குமாற்றைத் தூக்குவாள். நல்லவேளையாக அலெக்சாண்டரே வாயைத் திறந்து, "ஏரியில ஒரு சவாரி போவோம். நேத்தே படகு பேசிட்டேன்" என்றார். அக்கரையில் பெண்கள் பூப்பறிக்க இறங்கும்போது பையை மெல்ல நீட்டிவிடலாம் என்று மரியஅந்தோணி திட்டம் போட்டார். ஆனால் துறையில் ஒரு கான்ஸ்டபிள் நிற்பார், கைப்பையைத் திறக்கச் சொல்வார். அதனால்தான் சரக்கு வயிற்றுக்கு ஏறியது. மேலே துண்டு, அதற்கு மேலே கோட்டு.

"உங்களுக்கு எப்பங்க வயித்துவலி வந்துச்சு?" என்றாள் கித்தேரியம்மாள். "வெள்ளனே இட்லிச் சட்டியையே காலி பண்ணுனீங்களே!"

"அதான் வலிக்குது. நீ சும்மா ஏறு!"

படகு நகர்ந்தது. துடுப்பு போட்டவன் பொன்னுவேல். எதிர்ப்பலகையில் அலெக்சாண்டரும் அவர் அக்காள் செபஸ்தியம்மாளும். செபஸ்தியம்மாள்தான் மாப்பிள்ளைக்குத் தாயார். அந்த அம்மாளின் முகம் சுருங்கியிருந்தது.

"ஏண்ணே, இந்த வயித்துவலி ரொம்ப நாளாவே இருக்கா?"

"சேச்சே, இன்னிக்குத்தாம்மா."

"இன்னிக்கு வந்த வலிக்கா பையைக் கட்டிக்கிட்டு நடக்கீங்க? உங்க அப்பாருக்கும் இருந்துச்சா? சில வியாதி ரத்தத்தோட வருமாம். பொண்ணுக்கும் வந்துறக் கூடாது பாருங்க."

மரியஅந்தோணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமனைக் கவனிக்கக் கொண்டுவந்த சரக்கு மகளுக்கு வியாதியைக் கட்டிவைக்கிறதே! கல்லைத் தின்றாலும் செரிக்கிற வயிறு என்று காட்டியாக வேண்டும். வேறு வழி?

"கித்தேரி, அந்தத் தூக்கைத் தொற!"

தூக்குச்சட்டியில் பணியாரமும் பூண்டுச் சட்னியும் இருந்தன. எல்லாருக்கும் என்று கொண்டுவந்தது. மரியஅந்தோணி ஒன்று மாற்றி ஒன்று வாயில் போட்டார். மென்றாரா, விழுங்கினாரா, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

"பாத்தீங்களா? வலியாவது ஒண்ணாவது!"

"மெதுவாண்ணே, மெதுவா," என்றாள் செபஸ்தியம்மாள். பயம் போனபாடில்லை. பசிக்கிற வியாதி என்று ஒன்று உண்டோ என்று யோசிப்பது போலிருந்தது.

பணியாரம் உள்ளே போகப் போக வயிறு முன்னே வந்தது. வயிறு முன்னே வர வர, துண்டுக்குள் பை நசுங்கியது. சட்டையின் கடைசிப் பொத்தான் தெறித்து ஏரிக்குள் விழுந்தது.

பேச்சை மாற்றுவோம் என்று, "கப்பல்ல உங்களுக்கு என்ன சோலிங்க?" என்று அலெக்சாண்டரைக் கேட்டுவைத்தார்.

"சோதனை."

"என்ன சோதனைங்க?"

"ஏறுறவங்க மூட்டையைச் சோதிக்கிறதுதான் என் சோலி. வெளிச் சாப்பாடு, வெளிச் சரக்கு ஒண்ணும் உள்ள போகக்கூடாது. ஜனங்க சும்மாவா இருக்காங்க? ஒரு அம்மா ஊறுகாய் ஜாடியில ரம்மை ஊத்தி, மேல நாலு மாங்காயை மிதக்க விட்டுருக்கு. ஒருத்தன் கைக்குழந்தை பால்புட்டியில விஸ்கி கொண்டாந்தான். குழந்தையே இல்ல அவனுக்கு! இன்னொருத்தன் ரப்பர் பையில ஊத்தி வயித்துல கட்டிக்கிட்டு வந்தான்."

மரியஅந்தோணிக்குப் பணியாரம் தொண்டையில் நின்றது.

"எங்க ஒளிச்சாலும் இந்த மூக்குக்குத் தப்பாது," என்று தம் மூக்கைத் தட்டிக்காட்டினார் அலெக்சாண்டர். "குடிக்கிறவன் வீட்டுப் பச்சைத்தண்ணியக்கூட நான் தொடமாட்டேன்."

"எங்க தம்பி மாதிரி ஒழுக்கமான பிள்ளை திண்டுக்கல் சீமையிலயே கெடையாது," என்றாள் அக்காள்.

தொண்டையில் நின்ற பணியாரம் இருமலாக வெடித்தது. அந்த இருமலில் பையின் மூடி கழன்றது. சில்லென்று ஏதோ தொடை வழியாக இறங்கிக் காலடியில் தேங்கியது. குளிர்காற்றில் வாடை குப்பென்று கிளம்பிற்று.

"என்ன வாடை இது?" என்றாள் செபஸ்தியம்மாள்.

"தைலம்ங்க, தைலம்! மூட்டுக்கு!"

அலெக்சாண்டர் முன்னே குனிந்தார். கண்ணை மூடி, நிதானமாக ஒரு மூச்சு இழுத்தார்.

"பிராந்தி. சீமைச் சரக்கு. பாட்டிலைத் தொறந்து ரெண்டு மூணு நாளாச்சு."

"அய்யோ மாதாவே!" என்று நெஞ்சில் கை வைத்தாள் செபஸ்தியம்மாள். "பட்டப்பகல்லயா!"

"மருந்துங்க! டாக்டர் வயித்துக்குக் குடுத்தது!"

"அப்ப நாள்பட்ட வியாதிதான்."

"வியாதியெல்லாம் இல்லீங்க!"

"அப்ப குடிதான்."

மரியஅந்தோணிக்கு எந்தப் பக்கம் போனாலும் குழி. கித்தேரியம்மாள் பார்த்த பார்வையில் ஏரித் தண்ணீரே கொதித்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்லுவதைத் தவிர அவரிடம் வேறொன்றும் மிச்சமில்லை.

"அண்ணாச்சி, நான் மோந்துகூடப் பாத்ததில்லீங்க. உங்களுக்காகத்தான் கொண்டாந்தேன். கப்பல்காரரு, வேணுமா இருக்கும்னு..."

"எனக்கா?" அலெக்சாண்டர் எழுந்தே நின்றுவிட்டார். படகு ஆடியது. "என்னையா குடிகாரன்னு நெனச்சீங்க? அக்கா, கேட்டியா இந்த அநியாயத்தை! ஏலே, படகைத் திருப்பு. இந்தச் சம்பந்தம் நமக்கு வேண்டாம்!"

பொன்னுவேல் படகைத் திருப்பினான்.

"எம் மகளை நெனச்சுப் பாருங்க அண்ணாச்சி," என்று கையெடுத்துக் கும்பிட்டார் மரியஅந்தோணி. "அவ என்ன தப்பு செஞ்சா? நான் மடையன். என்னை வேணும்னா ரெண்டு அறை அறைங்க."

அலெக்சாண்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கித்தேரியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வீட்டுக்குப் போய் அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வது என்று நினைத்தபோது மரியஅந்தோணிக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பாவி மனுஷன், எல்லாவற்றையும் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டார்.

படகு துறையை இடித்து நின்றது. அலெக்சாண்டர் முதல் ஆளாக இறங்கி, அக்காளுக்குக் கை கொடுத்தார்.

"வெரசா வாக்கா. இந்தக் காத்தே ஆகாது."

இருவரும் நாலு எட்டு போயிருப்பார்கள். பொன்னுவேல் துடுப்பை உள்ளே போட்டுவிட்டு, துறை முழுக்கக் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தான்:

"கப்பல்கார அய்யா! நேத்து சாயந்தரம் படகுல ஒளிச்சு வைக்கச் சொல்லிக் குடுத்தீங்களே வறுத்த கோழியும் ரெண்டு பாட்டிலும், அதை இப்பவே எடுத்துக்கிடுதீங்களா, இல்ல அக்காளை வீட்டுல விட்டுட்டு வாறீங்களா?"