இடது பக்கம் திரும்பாத ஜீப்

எதுவுமே தெரியாதவனை நம்பி வண்டியில் ஏறலாம். மூன்று மாதம் வீடியோ பார்த்துவிட்டு வந்தவனை நம்பி ஏறவே கூடாது. இதை இவ்வளவு அடித்துச் சொல்கிறேனே, எப்படி என்கிறீர்களா? அந்த மூன்று மாதக்காரன் நான்தான். ஏறி மாட்டிக்கொண்டவர்கள் என் தங்கை கல்பனாவும், நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பாவும்.

எங்களுக்குப் பாலசமுத்திரம் பக்கத்தில் மாந்தோப்பு. தோப்பைவிட்டு வெளியே வரக் கல் ஓடை, செம்மண் பாதை. அதைத் தாண்டினால் திருப்பதி மார்க்கெட் வரைக்கும் வழவழவென்று தார் ரோடு. என் பழைய ஜீப்பின் டயர்களோ தேய்ந்து மொட்டையாகிவிட்டன. (திருப்பதிக்குப் போகிற வண்டிதானே, மொட்டை போட்டால் என்ன தப்பு என்று நைனா கேட்டார்.) கல்லிலும் தாரிலும் ஓடி, நாலைந்து வருஷம் உழைக்கிற டயர் எது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் மூன்று மாதம் போனைக் கையைவிட்டு இறக்காமல் இருந்தேன். பாலைவனத்தில் ஓடுகிற டயர், பனியில் ஓடுகிற டயர் எல்லாம் எனக்கு அத்துப்படி. எங்கள் ஓடையில் ஓடுகிற டயர் மட்டும் தெரியாது.

ரேணிகுண்டாவில் டயர் கடை நடத்தும் அக்கா ஒருவர் இருக்கிறார். நான் பேச வாயைத் திறப்பதற்குள் அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, என் பழைய டயரைக் கையால் தடவிப் பார்த்தார்.

“தினம் மண்ணுல எவ்ளோ தூரம் போற?”

“நாலு கிலோமீட்டர்.”

“தார்ல?”

“எழுபது.”

“கூரான கல்லு இருக்குற ஓடையா?”

டயரின் பக்கவாட்டில் இருந்த ஒரு கீறலை வைத்தே கண்டுபிடித்திருக்கிறார்! “அப்போ டயரு மேல கட்டை கட்டையா இருக்குற பட்டன் நடுத்தரமா, நெருக்கமா இருக்கணும். சைடு கெட்டியா இருக்கணும். சைஸை மட்டும் மாத்தாத. கதவுல இன்னா சைஸ் ஒட்டியிருக்குதோ அதையே போடு” என்றார். என் மூன்று மாதப் படிப்பு ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

ஆனால் நான் அடங்குகிற ஆளா? மூலையில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. பட்டன் ஒவ்வொன்றும் அதிரசம் பருமன்.

“எந்துக்குப்பா அவ்ளோ பெரிய டயரு? அது சேத்துக்கு. உன் வண்டி இடது பம்பர் வேற உள்ள மடிஞ்சிருக்குது. திருப்புனா கவ்விக்கும்” என்றார் அக்கா. (எங்கள் வீட்டுச் சுவருக்கும் எனக்கும் ஒருமுறை ஏற்பட்ட கருத்து வேறுபாட்டில் மடிந்தது அது.)

“அக்கா, எங்க வீட்ல டிராக்டர் ஓடுது. எந்த டயரு நல்லா புடிக்கும்னு எங்களுக்குச் சொல்லணுமா?” என்றேன். ஏர் ஓட்டுகிற குடும்பத்தின் கர்வம்! பட்டன் பெரிசென்றால் டயர் நல்லது. வேறு கணக்கே எங்களுக்குத் தெரியாது. நாளைக்குத் தங்கைக்குப் பரீட்சை, சீக்கிரம் என்று வேறு அவசரப்படுத்தினேன்; அக்கா மாட்டிக் கொடுத்தார்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்குத் திருப்பதியில் கல்பனாவுக்கு ஆசிரியர் வேலைக்கான பரீட்சை. தமிழ் மீடியத்துக்கு இருந்ததே கொஞ்சம் இடம்தான். இரண்டு வருஷமாகத் தோப்பு மோட்டார் ரூமில் உட்கார்ந்து படித்தவள் அவள். ஒன்பதுக்கு மேல் ஒரு நிமிஷம் ஆனாலும் கேட்டைத் திறக்க மாட்டார்கள். “பஸ்ல போய்க்கறேண்ணா” என்றவளை, “புது டயர் போட்டுக்கினு உன்ன பஸ்ல அனுப்புவனா?” என்று நான்தான் ஏற்றினேன்.

தார் ரோட்டில் ஏறியதும் டயர் பாட ஆரம்பித்தது. “இன்னாடா, ரைஸ் மில்லு கூடவே வர்ற மாதிரி இருக்குது?” என்றார் பின்னால் டிபன் டப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த நைனா. நகரியில் நாள் முழுக்கப் பவர்லூம் சத்தத்தில் வாழ்கிறவர்களே எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். வேகமும் எடுக்கவில்லை. திருப்பதிக்குள் நுழையும்போது எட்டு முப்பத்தைந்து.

அதுவரை ரோடு லேசாகத்தான் வளைந்திருந்தது; இதுதான் முழுசாக ஒடிக்க வேண்டிய முதல் இடது திருப்பம். ஸ்டியரிங்கை ஒடித்தேன். ‘கர்ர்ர்ரக்’ என்று ஒரு சத்தம். பட்டன், பம்பரைக் கவ்வி இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டது. அக்கா சொன்ன அதே இடம். அதன்பின் ஜீப் நேரே போகும், வலது பக்கம் திரும்பும். இடது பக்கம் மட்டும் திரும்பவே திரும்பாது.

இறங்கி ஓடி ஆட்டோவை நிறுத்தப் பார்த்தேன். சனிக்கிழமை, எல்லா ஆட்டோவிலும் பக்தர்கள் வழிந்துகொண்டிருந்தார்கள். ஐயோ, என் வீம்பால் இவள் வாழ்க்கை போச்சே என்று கண்ணில் நீர் முட்டியது.

கல்பனா கத்தவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். உள்ளங்கையில் பேனாவால் நாலு கோடு போட்டாள்.

“மூணு ரைட்டு எடுத்தா ஒரு லெப்ட்டுண்ணா. ஏறு.”

“இந்த ஊர் டிராபிக்ல எப்டிம்மா?”

“இங்கதான்ணா முடியும். கோவிலைச் சுத்தி எல்லாரும் வலமாத்தானே போறாங்க? நாமளும் அவங்களோட போலாம்.”

ஆகா, என்ன மூளை! பரீட்சை பயத்தில் எனக்கு என் பேரே மறந்துபோயிருந்தது. எழுதப்போகிறவளோ அமைதியாக வழி சொல்லிக்கொண்டு வந்தாள். கோவிலை ஒட்டிய தெருக்களில் வலம், வலம், வலம். ஒருமுறை பஸ் மறித்ததில் திருப்பத்தைத் தவறவிட்டு, மறுபடியும் முழுச் சுற்று. ஒவ்வொரு திருப்பத்திலும் நைனா பின்னாலிருந்து “கோவிந்தா!” என்றார். (பக்தியா பயமா என்று இன்றுவரை சொல்லவில்லை.)

இரண்டாம் சுற்றில் டிராபிக் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். உறுமுகிற டயரைப் பார்த்தார், கைகூப்பியிருந்த நைனாவைப் பார்த்தார்.

“இன்னாப்பா, வேண்டுதலா?”

“ஆமா சார், ஒம்பது மணிக்குள்ள முடிக்கணும்” என்றாள் கல்பனா. அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை! அவர் விசிலை ஊதி, இரண்டு பஸ்ஸை நிறுத்தி, எங்களுக்கு வழிவிட்டார்.

சென்டர் கேட் இடது பக்கம் இருந்தது. (வேறு எந்தப் பக்கம் இருக்கும்?) நடுரோட்டில் நிறுத்தினேன். கல்பனா குதித்து ஓடினாள். வாட்ச்மேன் கேட்டைத் தள்ளிக்கொண்டிருந்தார். இருந்த இடுக்கில் அவள் உள்ளே புகுந்ததும் கேட் மூடிக்கொண்டது. நான் ஸ்டியரிங்மேல் தலையை வைத்து அழுதேன். நைனா டிபன் டப்பாவைத் திறந்து, “ரெண்டு இட்லி துன்னுடா” என்றார்.

பிறகு வலம் வந்தே ரேணிகுண்டா போய்ச் சேர்ந்தேன். டயர் கடை அக்கா பம்பரைப் பார்த்தார். ‘நேத்தே சொன்னேனே’ என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “பொண்ணு பரீட்சைக்குப் போய்ட்டாளா?” என்று கேட்டுவிட்டு, கடப்பாரையை எடுத்துப் பம்பரை நெம்பினார். அந்த மனசுக்கு இன்னும் கும்பிடுகிறேன்.

கல்பனாவுக்கு வேலை கிடைத்தது, அதுவும் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடத்திலேயே. முதல் சம்பளத்தில் எனக்கு நாலு டயர் வாங்கித் தந்தாள். நெருக்கமான நடுத்தரப் பட்டன், கதவில் ஒட்டியிருக்கிற சைஸ். தேர்ந்தெடுத்தது அக்கா. நான் வாயைத் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஓடையிலும் தாரிலும் சத்தமில்லாமல் இன்றும் ஓடுகின்றன.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், சாம்பார் என் இடது பக்கம் இருந்தால் போதும். “நைனா, அண்ணன் சுத்திக்கினு வரணும், நீங்க எடுத்துக் குடுங்க” என்பாள். அதுகூடப் பரவாயில்லை. போன மாசம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மாம்பழம் கொண்டுபோனேன். ஒன்றாம் வகுப்பில் கல்பனா, “வலது எது?” என்று கேட்டாள்.

முப்பது பிள்ளைகளும் என்னைக் கைகாட்டிக் கத்தினார்கள்: “மாமா வண்டி திரும்புற பக்கம், டீச்சர்!”