அவர் வந்ததும்

சோதனைகள் எல்லாம் பிரிந்து அதனதன் கூடையில் போய்ச் சேர்ந்துவிட்டன. ஒன்றே ஒன்று மட்டும் திரையில் மஞ்சளாக நின்று பல்லைக் காட்டியது.

லிஃப்டை ஓட்டும் மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவன் வேலை. ஓடித் தேறிய சோதனை பச்சை, தோற்றது சிவப்பு, ஓடாமலே உட்கார்ந்திருப்பது மஞ்சள். அலுவலகத்தில் அவனைத் 'துருவி' என்பார்கள். எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வந்த பெயர் அது. சமையலறைச் சாமானுக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை.

காலையிலேயே மேனேஜர் சொல்லியிருந்தார்: "மஞ்சளையெல்லாம் ரெண்டா பிரிச்சிடு. இந்த லிஃப்டுக்கு அந்த வசதியே கிடையாதுன்னா 'முடியாது'. வசதி இருக்கு, நாமதான் ஓட்டலைன்னா 'மாட்டோம்'. மூணாவது கூடை கிடையாது. சாயங்காலம் வாடிக்கையாளர் வர்றாரு. அவர் கையெழுத்துப் போட்டா உன் வேலை நிரந்தரம்."

துருவிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாமனார் ஃபோனில், "என்ன மாப்பிள்ளை, வேலை நிலைச்சுதா?" என்பார். பதிலுக்கு இருமி இருமியே அவன் தொண்டை தேய்ந்திருந்தது.

மிச்சமிருந்த சோதனையின் பெயர், 'உள்ளே சிக்கியவரை வெளியே கொண்டுவருதல்'. ஏன் ஓட்டவில்லை என்ற இடத்தில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'அவர் வந்ததும் ஓட்டவும்.'

எவர்?

"இந்த அவர் யாருங்க?" என்று பக்கத்து மேசைப் புரோகிராமரைக் கேட்டான்.

"உங்களுக்கு முன்னாடி உங்க சீட்டுல ஒரு மேடம் இருந்தாங்களாம். அவங்க எழுதினதா இருக்கும்," என்றாள் அவள். "நானே உங்களுக்கு அப்புறம்தானே சேர்ந்தேன்?"

யார் யாரையோ பிடித்து அந்த மேடத்தின் எண்ணை வாங்கிச் செய்தி அனுப்பினான். பதில் வரவில்லை. அதற்குள் உள்ளே அரிக்க ஆரம்பித்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டான்.

"பேர் போடாம 'அவர்'னு எழுதியிருந்தா வேற யாரு? அந்தம்மாவோட வீட்டுக்காரர்தான்," என்றாள் அவள். "நான் உங்கள எப்படிச் சொல்றேன்?"

"ஆபீஸ் டெஸ்டுக்கு வீட்டுக்காரர் எதுக்கு வரணும்?"

"அத விடுங்க. சமையலறைக் குழாய் ஒழுகிட்டே இருக்கே, அது உங்க கணக்குல முடியாதா, மாட்டீங்களா?"

"அது... நான் வந்ததும் பாக்குறேன்."

"பாத்தீங்களா, உங்ககிட்டயும் மூணாவது கூடை இருக்கு!"

ஃபோனை வைத்துவிட்டு, வருவது வரட்டும் என்று அதை 'முடியாது' கூடையில் போட்டான். அந்தக் கட்டடத்து லிஃப்ட்தான் அவர்களுடைய சோதனை லிஃப்ட் என்பதை அந்த நிமிடம் மறந்து போயிருந்தான். மென்பொருளோ சொன்ன சொல் தட்டாத பிள்ளை. ஒரு வசதி முடியாது என்று தெரிந்தால், பயணிகளுக்கு உடனே அறிவித்துவிடும்.

சற்று நேரத்தில் கணக்காளர் ஐந்து மாடி ஏறி, மூச்சு வாங்க வந்து நின்றார். "என்னய்யா எழுதி வச்சிருக்க? 'உள்ளே சிக்கியவரை வெளியே கொண்டுவர முடியாது'ன்னு லிஃப்டுக்குள்ள கொட்டை எழுத்துல ஓடுது! அது லிஃப்டா, ஜெயிலா?"

துருவி அவசர அவசரமாக அதை 'மாட்டோம்' கூடைக்கு மாற்றினான். கணக்காளர் லிஃப்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இப்போ 'கொண்டுவர மாட்டோம்'னு ஓடுது. முன்னாடி இருந்ததே தேவலை. அதுலயாவது ஒரு பணிவு இருந்துச்சு."

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். படியேறித்தான் வந்தார். மழையானாலும் வெயிலானாலும் அவருக்குப் படிதான். கேட்டால், முட்டிக்கு நல்லது என்பார்.

"இன்னும் முடியலையா? ஏன், எதுக்குன்னு துருவாம அந்த மஞ்சளை எப்படியாவது தொலைச்சுக் கட்டு. அவர் வந்துட்டே இருக்காரு. நான் கீழ போய்க் கூட்டிட்டு வர்றேன்."

அவர் படியிறங்கிப் போனதும் துருவி துள்ளி எழுந்தான். "கேட்டீங்களா? 'அவர் வந்துட்டே இருக்காரு'! காலையிலேருந்து இந்த ஆபீஸ்ல 'அவர்'னா ஒரே ஒருத்தர்தான். வாடிக்கையாளர்! அவர் வந்ததும், அவர் கண்ணு முன்னாடி ஓட்டிக் காட்டணும்னு எழுதியிருக்காங்க."

"ஆமா, சரியாத்தான் இருக்கு," என்றாள் புரோகிராமர். அவளுக்கும் லேசாக அரிக்கத் தொடங்கியிருந்தது.

துருவி சோதனையை 'மாட்டோம்' கூடையிலிருந்து எடுத்துவிட்டுக் காத்திருந்தான். மனம் நிறைந்திருந்தது. புதிரும் தீர்ந்தது, வேலையும் நிலைத்தது. இந்த ஞாயிறு மாமனார் கூப்பிடுவதற்கு முன் தானே கூப்பிட்டுவிட வேண்டும்.

வரவேற்பறையிலிருந்து ஃபோன் வந்தது. "அவர் வந்தாச்சு. லிஃப்டுல ஏறிட்டாரு. மேனேஜர் வழக்கம்போலப் படியில."

துருவி பொத்தானை அழுத்தினான்.

சோதனை முதலில் லிஃப்டை வேண்டுமென்றே நடுவழியில் நிறுத்த வேண்டும். நிறுத்தியது. பிறகு அடுத்த மாடிக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறக்க வேண்டும். அதைச் செய்யவில்லை. திரையில் மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது.

"மஞ்சளைத் தொலைச்சாச்சு," என்றாள் புரோகிராமர் மெல்லிய குரலில்.

மேனேஜர் வியர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தார். "அவர் எங்கே?"

பதில் லிஃப்டின் ஒலிபெருக்கியிலிருந்து வந்தது. "ஹலோ, லிஃப்ட் நின்னு போச்சுங்க. இதுவும் நீங்க காட்டப்போறதுல ஒண்ணா?"

மேனேஜரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. சிவப்புத் திரையைப் பார்த்தார், அதிலிருந்த சோதனையின் பெயரைப் பார்த்தார், நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். பிறகுதான் அவருக்குக் குரல் வந்தது.

"இதையா ஓட்டின? உனக்கு நிரந்தரம்தான்யா. நிரந்தர லீவு!"

துருவி லிஃப்ட் பழுது பார்ப்பவரைக் கூப்பிட ஃபோனை எடுத்தான். அது அவன் கையிலேயே ஒலித்தது. பழைய மேடம்! பதற்றத்தில் ஃபோனின் ஒலிபெருக்கிப் பொத்தானைத் தட்டிவிட்டான்.

"செய்தி அனுப்பியிருந்தீங்களே, என்ன விஷயம்?"

"மேடம், 'அவர் வந்ததும் ஓட்டவும்'னு எழுதியிருந்தீங்க. அவர் வந்ததும் ஓட்டிட்டேன். உள்ளயே மாட்டிக்கிட்டாரு!"

"ஐயையோ! ஆபீசுக்கு வந்ததும்னா எழுதினேன்? வெளிய வந்ததும்னுல்ல எழுதினேன்! அன்னிக்கு லீவு நாள், நாங்க ரெண்டே பேர்தான் இருந்தோம். அவர் லிஃப்டுல ஏறினாரு, நான் டெஸ்டை ஓட்டினேன், நடுவுல நின்னு போச்சு."

"யாரு மேடம் ஏறினாங்க?"

"உங்க மேனேஜர்தான்."

துருவியும் புரோகிராமரும் ஒரே நேரத்தில் மேனேஜரின் முட்டியைப் பார்த்தார்கள்.

மேனேஜர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஃபோனை வைப்பா. உன் வேலை நிரந்தரம். இப்பவே எழுதித் தர்றேன். ஒண்ணும் கேக்காம வச்சிடு."

வைத்திருக்கலாம். மாமனாரின் முகம்கூட ஒரு கணம் கண் முன் வந்து போனது. ஆனால் அரிப்பு யாரை விட்டது?

"ஒரே ஒரு கேள்வி மேடம். அப்புறம் அவரை எப்படி வெளிய எடுத்தீங்க?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்? அந்த ஒரு வரியை எழுதிட்டு, பையைத் தூக்கிட்டு, அன்னிக்கே வேலைய விட்டு ஓடி வந்துட்டேன். ஏன், அவர் இன்னும் வெளிய வரலையா?"