இன்னுங்கொஞ்சமும் அவருடைய பஸ்ஸும்

வீடியோ கேம் விளையாடிப் பைத்தியமானவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். விளையாடாமலேயே பைத்தியமானவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் கரண்டு வேலை பார்த்தார். பெயர் இன்னுங்கொஞ்சம்.

பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கத்தான் வேண்டும். பொகவந்தலாவைக்கு மேலே, பஸ் போகும் கடைசித் தோட்டத்தில் நான் ஆறு வருடம் குடியிருந்தேன். கீழே பஜாரில் இருந்த பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் வேலை. அந்த ஆறு வருடத்தில் ஒருவர் வாயிலும் அந்தப் பெயர் வந்ததில்லை. தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கரையாகூட “இன்னுங்கொஞ்சம் எங்கய்யா?” என்றுதான் கேட்பார். “இந்தா வந்துட்டேங்கய்யா” என்று இவரும் ஓடுவார்.

காரணப் பெயர்தான். கையில் எடுத்த எதையும் “இன்னுங்கொஞ்சம்” என்று சொல்லாமல் அவர் கீழே வைத்ததில்லை. ஸ்க்ரூவை முறுக்கினால் தலை கழன்று கையோடு வரும்வரை முறுக்குவார். ஒரு கல்யாணத்தில் போட்டோ எடுக்கிறேன் என்று கேமராவை வாங்கிக்கொண்டு, “இன்னுங்கொஞ்சம் பின்னால போங்க, இன்னுங்கொஞ்சம்” என்று சொல்லிக்கொண்டே போனதில் மாப்பிள்ளையின் சித்தப்பா வேட்டியோடு தண்ணீர் ஓடும் கானுக்குள் விழுந்தார். அவரைத் தூக்கி, துடைத்து, திரும்ப நிறுத்துவதற்குள் பனி இறங்கிவிட்டது. அந்தக் குடும்பத்தின் ஆல்பத்தில் இன்றைக்கும் ஒரு வெள்ளைப் படம் இருக்கிறது. அதில் இடது ஓரத்தில் தெரிவது மாப்பிள்ளையின் காது என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

இப்படிப்பட்ட ஆளின் கையில் ஒரு கம்ப்யூட்டர் அகப்பட்டது. கொழும்பில் யாரோ கழித்துவிட்டதை எங்கள் வாலிபர் சங்கத்துக்கு அன்பளிப்பாக அனுப்பியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு டைப்பிங் படிப்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. சங்கத்தின் செயலாளர் நான். கரண்டு தெரிந்தவர் பொறுப்பில் இருக்கட்டும் என்று இன்னுங்கொஞ்சத்தின் கையில் சாவியைக் கொடுத்தவனும் நான்தான். என் வாழ்க்கையில் நான் செய்த முட்டாள்தனங்களில் இதற்கு நல்ல இடம் உண்டு.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் யாரோ விட்டுப்போன ஒரு பஸ் ஓட்டும் கேம் இருந்தது. எங்கோ ஐரோப்பாவில் ஒரு நேர் ரோட்டில் ஒரு பஸ் போகும். பார்க்கச் சுமாராக இருக்கும். இந்த மாதிரிக் கேம்களின் தோற்றத்தை மெருகேற்ற மற்றவர்கள் செய்து இணையத்தில் போட்டுவைத்திருக்கும் ஒட்டுவேலைகள் உண்டு. மோட் என்பார்கள். ஒன்றை இறக்கிப் போட்டால் வானம் மாறும், இன்னொன்றைப் போட்டால் ரோடு மழையில் பளபளக்கும். முதல் வாரத்திலேயே இன்னுங்கொஞ்சம் அந்த வெளிநாட்டு பஸ்ஸுக்கு நம் ஊர்ச் சிவப்பு அடித்து, முன்கண்ணாடிக்கு மேலே பிள்ளையார் படமும் மாட்டிவிட்டார். அப்புறம்தான் ரோட்டில் கை வைத்தார்.

“நம்ம ரோட்டு எந்த கேம்லயும் இல்ல சார். ஜெர்மனி இருக்கு, ஜப்பான் இருக்கு. நம்ம தோட்டத்துல இருந்து ஹட்டன் போற ரோட்டு மட்டும் எங்கயும் இல்ல.”

“அதுக்கு?”

“நான் போடப் போறேன்.”

அன்றிலிருந்து அந்த மனிதர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நின்றபடியே மௌசைத் தட்டுவார், ஜன்னலுக்கு ஓடி மலையைப் பார்ப்பார், திரும்பி வந்து திரையைப் பார்ப்பார், தலையைச் சொறிவார், மறுபடி ஜன்னல். தேயிலையின் பச்சைக்கு மட்டும் மூன்று வாரம். கொழுந்து நிறுக்கப் போகும் பெண்கள் சங்கத்து ஜன்னலைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒருவரையும் சும்மா விடமாட்டார்.

“மாரியக்கா, ஒரு நிமிசம். இந்தப் பச்ச சரியா பாருங்க.”

மாரியக்கா கொழுந்துச் சாக்கை இறக்கிவைத்துவிட்டு எட்டிப் பார்ப்பார். “என்னாங்கண்ணே இது, நேத்துதான் உரம் போட்ட மாதிரி கண்ணக் கூசுது?”

மறுநாள் வேறு பச்சை. “இது கவ்வாத்து வெட்டி மூனு மாசமான மல. பாதிதான் துளுத்திருக்கு.”

மூன்றாம் வாரம் மாரியக்கா திரையை நெருங்கி நெடுநேரம் பார்த்தார். இன்னுங்கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். “பச்ச சரிதாங்கண்ணே. ஆனா இந்த மலையில போன கெழமையே கொழுந்து எடுத்திருக்கணும். இப்புடியா முத்த விடுவீங்க? எந்தக் கண்டாக்கு இதுக்குப் பொறுப்பு?” என்று, கொழுந்து மலையை மேற்பார்க்கும் அதிகாரியைத் தேடுகிறவர் போலச் சத்தம் போட்டுவிட்டுப் போனார். இன்னுங்கொஞ்சத்துக்கு அன்று முழுக்கக் கால் தரையில் படவில்லை.

பச்சை சரியானது. கம்ப்யூட்டர்தான் சரியில்லை. அது அலுவலகத்தில் கடிதம் அடித்துப் பழகிய கிழடு. அதன் தலையில் இவர் மலை, மரம், நீர்வீழ்ச்சி, பளபளக்கும் ரோடு, நகரும் மேகம் எல்லாவற்றையும் ஏற்றினால் என்ன செய்யும்? பஸ் இரண்டு அடி போகும், நிற்கும், யோசிக்கும், ஓரடி போகும். பெட்டி அடுப்பாகக் கொதிக்கும்.

சூடுதான் கோளாறு என்று முடிவுகட்டி, பெட்டியின் மூடியைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தார். “நம்ம குளிர் சும்மாதானே சார் கெடக்கு.” குளிரோடு பனியும் உள்ளே வந்து பெட்டிக்குள் சொட்டியது. கம்ப்யூட்டர் இரண்டு நாள் தும்மியது. மூன்றாம் நாள் யாரிடமும் சொல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு தொழிற்சாலை மேல்மாடிக்குப் போய்விட்டார். அங்கே நீளமான தொட்டிகளில் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து பெரிய காற்றாடியால் காற்றடித்து வாட்டுவார்கள். அதில் ஒரு தொட்டியின் மேலே, கொழுந்துக்கு நடுவே, கம்ப்யூட்டரை வைத்துவிட்டார்.

டீமேக்கரையா வந்து பார்த்தபோது பெட்டிக்குள் பாதி இலை. “என்னாய்யா இது? இதையும் சேத்து அரைச்சு மூட்டையில போடவா?”

“இன்னுங்கொஞ்சம் ஆறட்டுங்கய்யா.”

ஐயா போட்ட சத்தத்தில் கீழே உருளை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டார்களாம். எவ்வளவு ஊதியும் அந்த இலைத் துகள் பெட்டியை விட்டுப் போகவில்லை. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் சூடானால் அறை முழுக்கத் தேயிலை வாசம் வரும். “இப்ப பச்ச வாசம்தான் சார், ஓட்டலாம். வறுவல் வாசம் வந்தாத்தான் நிப்பாட்டணும்” என்று மூக்காலேயே சூட்டை அளந்தார்.

ஏழு மாதம் ஓடிவிட்டது. டைப்பிங் வகுப்பில் ஒரு பிள்ளையும் ஒரு எழுத்துக்கூட அடிக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கம்ப்யூட்டரை எடுத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுப்பது என்று தீர்மானம் எழுதிக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

அவர் சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. முதல் முறையாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஞாயித்துக்கெழம வரைக்கும் குடுங்க சார். ஒரே ஒரு தடவ, நம்ம தோட்டத்துல இருந்து ஹட்டன் வரைக்கும் நிக்காம ஓடணும். எல்லாரும் பாக்கணும். ஓடாட்டி நானே தூக்கிட்டு வந்து பள்ளிக்கூடத்துல வச்சிர்றேன்.”

அந்த முகத்தைப் பார்த்தபின் மறுக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்ப் பார்த்தேன். நீர்வீழ்ச்சியை எடுத்துவிட்டார். மேகத்தை எடுத்துவிட்டார். மரங்களில் பாதியைக் காணோம். ஆனாலும் பஸ் மூன்றாவது வளைவில் மூச்சுவிட முடியாமல் நின்றது. அறையில் வறுவல் வாசம். அவர் ஜன்னலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

“தேயிலையையும் எடுத்துட்டா ஓடும் சார்” என்றார். “தேயில இல்லாம எப்புடி சார் அது நம்ம ரோட்டு?”

எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பேச்சை மாற்றலாம் என்று, “இன்னக்கி பஸ் ஒரு மணி நேரம் லேட்டு. பனி. டிரைவருக்குப் பத்தடிக்கு அங்கால ஒன்னும் தெரியலையாம்” என்றேன்.

நடந்துகொண்டிருந்தவர் நின்றார். ஜன்னலைப் பார்த்தார். வெளியே மலையும் இல்லை, லயத்து வீடுகளும் இல்லை, வெறும் வெள்ளை.

“பத்தடிக்கு அங்கால தெரியாட்டி, பத்தடிக்கு அங்கால எதுக்கு சார் வரையணும்?”

கேம் ஆடுகிற உலகமே படத்திலிருந்து பனியை நீக்குவதற்கு மோட் தேடிக்கொண்டிருக்கிறது. இந்த மனிதர் பனியைப் போடுவதற்குத் தேடினார். பனிக்குப் பின்னால் இருப்பதைக் கம்ப்யூட்டர் வரைய வேண்டியதில்லை என்று ஆனதும் அந்தக் கிழட்டுப் பெட்டிக்குச் சுமை இறங்கிவிட்டது. இரவு நான் வீட்டுக்குக் கிளம்பிக் கதவைத் தாண்டும்போது பஸ் நான்காவது வளைவைத் தாண்டிக்கொண்டிருந்தது.

ஞாயிறு காலை பத்து மணிக்குச் சங்க மண்டபத்தில் இடமில்லை. கோயில் கமிட்டியார் தங்கள் பெரிய டிவியைத் தந்திருந்தார்கள். ஓட்டுவதற்கு நிஜ பஸ்ஸின் டிரைவரையே கூப்பிட்டிருந்தார் இன்னுங்கொஞ்சம். சுனில் அய்யா சிங்களவர், எங்கள் ரோட்டில் இருபது வருடம் ஓட்டியவர். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, திரையில் தெரிந்த பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு விசைப்பலகையைத் தொட்டார். ஒன்றரை மணி நேரப் பாதை கேமில் அரை மணியாகச் சுருங்கியிருந்தது. என் சட்டைப் பையில் தீர்மானம் தயாராக இருந்தது.

திரை வெள்ளையாக இருந்தது. “ஒன்னுமே தெரியலையே!” என்று யாரோ சிரித்தார்கள்.

“ஹரியட்டம அப்பே பார!” என்றார் சுனில் அய்யா. அப்படியே நம்ம ரோட்டு என்று அர்த்தம். அதற்கு மேல் யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளைக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வந்தது. தொழிற்சாலைக் கேட்டு, உடைந்த மதகு, சாமிக்கல். முதல் வளைவில் மண்டபமே இடது பக்கம் சாய்ந்தது. இரண்டாவது வளைவில் வலது பக்கம். “எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருக்கு, ஜன்னலத் தெறந்து விடுங்க” என்றார் மாரியக்கா. திறந்துவிட்டார்கள்.

அப்புறம் பஸ் நின்றது.

ஐந்து விநாடி, பத்து விநாடி. சுனில் அய்யா விசையை அழுத்திப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். நான் எழுந்தேன். எனக்குள் ஒரு அற்ப சந்தோஷம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன்.

“பாத்தீங்களா? நின்னுருச்சு.”

“நிக்கல சார்” என்றார் இன்னுங்கொஞ்சம், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “எந்த எடம்னு பாருங்க.”

பார்த்தேன். பனிக்குள் ஒரு தகரக் கூரை, பக்கத்தில் மேலே ஏறும் கல்படிகள். என் குவாட்டர்சின் படிகள். ஆறு வருடமாகத் தினமும் காலை ஆறு நாற்பது பஸ்ஸுக்கு நான் ஒரு கையில் குடையும் ஒரு கையில் பாதி மாட்டிய சப்பாத்துமாக ஓடிவரும் அதே படிகள். ஆறு வருடமாக அந்த பஸ் எனக்காக நின்றிருக்கிறது.

“ஒரு நிமிசம் வச்சிருக்கேன். நீங்க இன்னும் படியில வர்றீங்க சார்.”

மண்டபம் இடிந்துவிழுகிற மாதிரிச் சிரித்தது. சுனில் அய்யா, “சார் எனக்கங்” என்றார், சார் வரும்வரைக்கும் என்று. நிமிடம் முடிந்ததும் பஸ் தானாகக் கிளம்பியது. அதற்குப் பிறகு எங்கும் நிற்கவில்லை. நோர்வூட், டிக்கோயா, கடைசியில் ஹட்டன் பஸ் நிலையம். வந்து சேர்ந்ததும் மண்டபத்தில் பாதிப் பேர் பையை எடுத்துக்கொண்டு இறங்குவதற்கு எழுந்துவிட்டார்கள்.

தீர்மானம் சட்டைப் பையிலேயே கிடந்து, துவைக்கும்போது கஞ்சியாகிப்போனது. பின்னேரம் டைப்பிங் வகுப்பு, மற்ற நேரம் பஸ் என்று ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். பிள்ளைகள் முதலில் அடிக்கப் பழகியது பஸ் போர்டுகளுக்கான ஊர்ப் பெயர்கள்.

எனக்குக் கொழும்புக்கு மாற்றலாகி மூன்று வருடம் ஆகிறது. இங்கே எந்த பஸ்ஸும் யாருக்காகவும் நிற்பதில்லை, ஏறும்போதே நகர்கிறது. இன்னுங்கொஞ்சம் மட்டும் மாதத்துக்கொரு தடவை கேமில் எதையாவது திருத்திப் புதிய பஸ்ஸை அனுப்பிவைக்கிறார். போன வாரம் வந்ததை ஓட்டிப் பார்த்தேன். தொழிற்சாலைக் கேட்டு, மதகு, சாமிக்கல், என் படிகள். அங்கே நின்ற பஸ் கிளம்பவே இல்லை. ஒரு நிமிடம் போனது. மூன்று நிமிடமானது. இந்தத் தடவை நிஜமாகவே கோளாறுதான் என்று போனை எடுத்தேன்.

“என்னாங்க, பஸ் எடுக்கவே மாட்டேங்குதே?”

“எடுக்கும் சார். இருங்க” என்றார். “முந்தி படியில இருந்துதானே ஓடிவந்தீங்க. இப்ப கொழும்புல இருந்து வரணும்ல. அதான் இன்னுங்கொஞ்சம் கூட்டி வச்சிருக்கேன்.”