டபுள் எக்செல் போட்ட கோல்

ஜெயித்துக்கொண்டே இருந்த ஒரு கால்பந்து அணியை, அதற்குக் கோச்சாக இருந்துகொண்டே, முறைப்படி கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றி ஒழித்துக்கட்டிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் எங்கள் பனியன் கம்பெனியில் ஃபைனல் செக்கிங் பார்த்தவர். பெயர் டபுள் எக்செல்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் கூப்பிட்டுக் கேட்டதில்லை. ஆள் கொடிக்கம்பம் போல ஒல்லி. ஆனால் ஏற்றுமதியில் மிஞ்சிய டபுள் எக்செல் டி-ஷர்ட்டைத் தவிர வேறெதையும் போட மாட்டார். காற்றடித்தால் சட்டை முதலில் கம்பெனிக்குள் நுழையும், அவர் பின்னால் வந்து சேருவார்.

"ஏனுங்க, ஒரு மீடியம் எடுத்துக்கக் கூடாதுங்களா?" என்று கேட்டேன்.

"மீடியத்துக்கு எல்லாரும் அடிச்சுக்கறாங்க. இது சும்மா கெடக்குதுங்க."

செக்கிங்கில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எங்கே என்று காட்டச் சின்னதாகச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். இவர் அந்த ஸ்டிக்கர் சுருளை மைதானத்துக்கும் கொண்டுவருவார். இடைவேளையில் ஆட்டக்காரர்களை வரிசையாக நிறுத்தி, இடது காலால் உதைக்கத் தெரியாதவனுக்கு முழங்காலில் ஒன்று, தலையால் முட்டப் பயப்படுகிறவனுக்கு நெற்றியில் ஒன்று என்று ஒட்டிக்கொண்டே போவார். நான் அணியின் செயலாளர். விளையாடுவது கிடையாது, கோட்டுக்கு வெளியே நின்று பதறுவது மட்டும்தான் என் இலாகா. ஒருநாள் என் நெஞ்சிலும் ஒன்று ஒட்டினார்.

"எனக்கெதுக்குங்க?"

"டிபெக்ட் எங்கிருக்குதுன்னு காட்டோணுமில்லீங்க."

எங்கள் ஞாயிற்றுக்கிழமை லீக்கில் பனியன் கம்பெனிகள், அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைக்காரர்கள், திருமுருகன்பூண்டிச் சிற்பிகள் என்று பல அணிகள். எல்லாரையும் நாங்கள் அடித்தோம். ரகசியம் ஒன்றுமில்லை. ஊருக்குப் புதிதாக வேலைக்கு வருகிறவனுக்குப் பந்து உதைக்கத் தெரியும் என்று காதில் விழுந்தால் போதும், அன்றைக்கே அவன் எங்கள் பேக்கிங் செக்‌ஷனில் இருப்பான். அட்டைப் பெட்டியை எந்தப் பக்கம் திறப்பது என்றுகூடத் தெரியாதவர்கள் எல்லாம் அங்கே இருந்தார்கள். ஆட்டத்தன்று எதிரணியில் ஆடுகிறவர்களைவிட எங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் அதிகம். அவர்களை எடுத்தது ஆடுவதற்கு அல்ல, அடுத்தவனுக்குக் கிடைக்காமலிருக்க. இதை நான் தொலைநோக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

விளைவு, ஆட்டம் பார்க்க ஆளில்லாமல் போயிற்று. போண்டாக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு கிரிக்கெட் நடக்கும் பக்கம் போனார். சிற்பிகள் வருவதையே நிறுத்திவிட்டார்கள். வந்த காலத்திலும் அவர்களுடைய பின்கள ஆட்டக்காரர்கள் தாங்கள் செதுக்கியவை போலத்தான் நின்றார்கள் என்றாலும், நிற்கவாவது ஆள் வேண்டுமல்லவா?

லீக் கூட்டத்தில் டபுள் எக்செல் எழுந்தார். அடுத்த வருடக் கோப்பையை எங்கே வைப்பது என்று கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் இரண்டு விதிகளை முன்மொழிந்தார். எந்த அணியும் பதினெட்டுப் பேருக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. புதிதாக வரும் ஆட்டக்காரர் எந்தக் கம்பெனியில் வேலை பார்த்தாலும் சரி, லீக்கில் கடைசி இடத்தில் வந்த அணிதான் முதலில் ஆளைத் தேர்ந்தெடுக்கும். கோப்பை வாங்கிய அணி கடைசியில்.

எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் வாய் உலரும், அடுத்ததாகப் புத்தி. தண்ணீர் என்று நினைத்துப் பக்கத்தில் இருந்தவரின் காபியைக் குடித்துவிட்டு, "ஏனுங்க, நீங்க யாரு பக்கம்?" என்றேன்.

"செகரட்டரிங்க, ஒரு லாட்டுல நாலு பீஸ் மட்டும் பளபளன்னு இருந்து, மீதியெல்லாம் வெளுத்துக் கெடந்தா பையர் எடுப்பானுங்களா?"

"மாட்டானுங்க."

"அந்த நாலு பீஸையும் சேர்த்துத்தானுங்க திருப்பி அனுப்புவான். சாயம் எல்லாத்துலயும் ஒரே ஷேடா இருக்கோணும்."

எங்களைத் தவிர எல்லா அணிகளும் கை தூக்கின. எங்கள் அணிக்கான கையையும் அவரே தூக்கினார். அந்தக் கையில் சட்டை தோரணம் போலத் தொங்கியதை நான் இன்னும் மறக்கவில்லை.

எங்கள் வீழ்ச்சி கௌரவமாக, படிப்படியாக நடந்தது. பெஞ்சில் இருந்தவர்கள் வெளியே போய் எங்களுக்கு எதிராக ஆடினார்கள். பெஞ்சில் உட்கார்ந்தே எங்கள் ஓட்டைகளையெல்லாம் பார்த்து வைத்திருந்தார்கள். மீதி இருந்தவர்களுக்கு வயதாயிற்று. எங்களுக்கு ஆள் பிடிக்கத் தெரியுமே தவிர ஆட்டம் சொல்லிக்கொடுக்கத் தெரியாது என்பது அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. முதலில் கோப்பை போயிற்று, அப்புறம் இரண்டாமிடம், அப்புறம் மானம். பதினெட்டுப் பேர் பட்டியலை நிரப்பக்கூட ஆளில்லாமல், கடைசிப் பெயராக டபுள் எக்செல் பெயரையே எழுதிக்கொடுத்தேன். எல்லாம் ஒரு கணக்குக்குத்தான் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் ஜார்க்கண்டிலிருந்து சுக்ராம் வந்தான். ஓவர்லாக் டெய்லர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் நூல் கோனைக் காலால் தட்டித் தட்டி, கீழே விடாமல் கேண்டீன் வரைக்கும் கொண்டுபோனதைக் கண்ணால் பார்த்தேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. சீசன் முடிந்ததும் கடைசி இடத்துக்காரர்களுக்கு முதல் ஆளாகக் கிடைக்கப்போகிறவன் அவன்தான். அவன் வந்தால் எங்கள் பழைய ராஜ்ஜியம் திரும்பி வந்துவிடும். கடைசி இடத்துக்கு நாங்களும் பட்டறைக்காரர்களும் சமமான புள்ளிகளுடன் போட்டி போட்டுக்கொண்டிருந்தோம். கடைசி ஆட்டம் எங்கள் இருவருக்கும் இடையில். தோற்றவனுக்குச் சுக்ராம்.

வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோல்விக்கு வேண்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். விசில் ஊதியதும் எங்கள் கேப்டன் அந்தோணி, தூத்துக்குடிக்காரர், பந்தை மரியாதையாக எதிரணியிடம் கொடுத்தார். அவர்கள் அதைவிட மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். எங்கள் கோல்கீப்பர் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தார். அவர்களுடைய கோல்கீப்பர் கம்பத்தில் சாய்ந்து போனில் பேசிக்கொண்டிருந்தார். சொந்த கோலிலேயே அடித்துக்கொள்ளாத அளவுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் வெட்கம் மிச்சமிருந்தது, அவ்வளவுதான். பார்க்க வந்திருந்த கொஞ்சப் பேரும் எழுந்து வண்டியை எடுத்தார்கள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் டபுள் எக்செல் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். ஒரு ஆளை வெளியே கூப்பிட்டுவிட்டு உள்ளே போனார். பட்டியலில் பெயர் இருந்ததே. எழுதியவன் நான்தானே.

மைதானத்தின் நடுவட்டத்துக்குள் அநாதையாகக் கிடந்த பந்தை வெறுங்காலால் தட்டிக்கொண்டு பட்டறைக்காரர்களின் கோலை நோக்கி நடந்தார். ஓடவில்லை, நடந்தார். எதிரணி ஒதுங்கி வழிவிட்டது. ஒருவர், "இக்கட்டால, இந்தப் பக்கமா வாங்க சாமி, அங்க குழி" என்று கையைப் பிடித்து அழைத்துப்போகாத குறை. அவரைத் துரத்தியது எங்கள் ஆட்கள்.

"அண்ணாச்சி, சொன்னாக் கேளுங்க, பந்தைக் கொண்டு அங்கன வச்சிறாதீய!" என்று அந்தோணி சட்டையைப் பிடித்தார். டபுள் எக்செல் சட்டை. பிடித்த இடம் முழுக்கத் துணிதான், ஆள் இல்லை. இரண்டு பேர் தொங்கியும் அவர் நிற்கவில்லை. நான் கோட்டோரமாக ஓடிக்கொண்டே, கையிலிருந்த அவர் செருப்பை ஆட்டி, என்னத்தையோ கத்தினேன். பந்து மெதுவாக உருண்டு உள்ளே போயிற்று. ஜெயித்துவிட்டோம். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏனுங்க இப்படிப் பண்ணிட்டீங்க? நீங்க போட்ட ரூல்தானுங்களே?"

அவர் மூச்சு வாங்கச் செருப்பை மாட்டினார். "அது தோக்கறவனுக்காகப் போட்டதுங்க. தோக்கோணும்னு வர்றவனுக்கு இல்லீங்க." சொல்லிவிட்டுச் சுருளை எடுத்து, என் நெஞ்சில் ஒட்டும் பழைய இடத்தைத் தேடி இன்னொன்று ஒட்டினார்.

அடுத்த சீசனில் சுக்ராம் பட்டறைக்காரர்களின் சட்டை போட்டுக்கொண்டு எங்களுக்கு எதிராக மூன்று கோல் அடித்தான். நாங்கள் இரண்டு அடித்திருந்தோம். கடைசி நிமிடம் வரை எவன் ஜெயிப்பான் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பட்டறைக்காரர்கள் அண்டாவைத் தட்டினார்கள், சிற்பிகள் திரும்பி வந்திருந்தார்கள், போண்டா தீர்ந்துபோயிற்று. தோற்றுக்கொண்டிருந்தவர்களின் கோச் எழுந்து நின்று கை தட்டினார். பதற்றத்தில் நானும் தட்டிவிட்டேன்.

இப்போது அவர் வேலையை விட்டுவிட்டுக் காங்கேயத்தில் மச்சானின் எண்ணெய் மில்லைப் பார்த்துக்கொள்கிறார். தேங்காய்களில் ஸ்டிக்கர் ஒட்டுவதாகக் கேள்வி. நாங்கள் போன வருடம் நாலாவது வந்தோம். இந்த வருடம் எங்கே வருவோம் என்று தெரியாது. நன்றாகத்தான் இருக்கிறது.

போன வாரம் ஜெர்ஸிக்கு ஆர்டர் கொடுத்தேன். டெய்லர் அளவுகளைப் பார்த்துவிட்டுத் தலை நிமிர்ந்தார்.

"டபுள் எக்செல் ஒண்ணு போட்டிருக்கீங்க. உங்க டீம்ல அத்தன பெரிய ஆளு யாருங்க?"

"ஒல்லியா ஒருத்தருங்க," என்றேன்.