ஒரு கிலோவும் இடமில்லை

"மூச்சு விடாதை பாக்கியம், ஆரோ வாசல்லை நிக்கினம்" என்று கிசுகிசுத்தார் நாகேந்திரம்.

நிறை பார்க்கும் மெஷினில் பெரிய சூட்கேஸைக் கட்டிப்பிடித்தபடி நின்றார் மனுஷன். வெள்ளவத்தை ஃபிளாட்டின் திரைகளெல்லாம் பட்டப்பகலில் இழுத்து மூடப்பட்டிருந்தன.

லண்டனில் மகளுக்கு முதல் பிள்ளை பிறந்திருந்தது. பார்க்கப் போகிறார்கள். மகள் எடுத்து அனுப்பியதோ ஆக மலிவான டிக்கெட். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெட்டிதான் ஏற்றலாம், அதற்கும் தனிக்காசு. ஆளை மலிவாக ஏற்றிவிட்டுப் பெட்டியில் கறக்கிறான்கள் என்று விமானக் கம்பனியை அவர் திட்டாத நாளில்லை.

ஆனால் கம்பனியைவிட அவர் பயந்தது அயலட்டைக்குத்தான். வெளிநாட்டுப் பயணம் என்று ஒருவர் காதில் விழுந்தால் போதும், "ஒரு சின்னப் பார்சல்தான்" என்று ஊரே படியேறும். மறுத்தால் முகம் முறியும். பெட்டியில் போகவேண்டியது மனைவி அன்னபாக்கியம் தன் கையால் வறுத்து இடித்த சரக்குத்தூளும் நல்லெண்ணெயும். பிள்ளை பெற்ற உடம்புக்கு அது போய்ச் சேரவேண்டும் என்பதைத் தவிர அந்தத் தாய்க்கு வேறு நினைப்பில்லை.

மணி மறுபடி அடித்தது. கதவைச் சற்றே திறந்தார். எதிர்வீட்டு நஸீறா. அவளுடைய பார்வை அவர் தோளைத் தாண்டிப் பெட்டியில் போய் நின்றது.

"பெட்டி கட்டுறீங்க போல அங்கிள்? நான் ஒண்டு கேக்கலாமெண்டு..."

"யாழ்ப்பாணம்!" என்று பாய்ந்து சொன்னார் நாகேந்திரம். "சும்மா யாழ்ப்பாணம்தான், பிள்ளை."

"ஆ... நான் வேற நெனச்சன்" என்று அவள் திரும்பிப் போனாள்.

"பாத்தீரே? பார்சல் குடுக்க வந்தவ, ஏமாந்து போறா" என்று மனைவியிடம் வெற்றியோடு சொன்னார்.

அந்த வெற்றி விடியும்வரைதான். காலையிலேயே மூன்றாம் மாடி சிவமணி டீச்சர் வந்து நின்றார்.

"யாழ்ப்பாணம் போறியளாம். கொக்குவில்லை அக்காவுக்கு ஒரு குக்கர். பாரமே இல்லை."

பின்னேரத்துக்குள் வரவேற்பறையில் மின்விசிறி, மருந்துப் பை, சைக்கிள் டயர் என்று எல்லாம் சேர்ந்துவிட்டன. விமானத்தில் ஏறாத சாமான்களுக்கெல்லாம் யாழ்ப்பாண பஸ்ஸில் தன் கைக்காசைக் கட்டி அனுப்பிவிட்டு வந்தார் நாகேந்திரம்.

"இனி ஆரும் கேட்டால் எனக்குக் காய்ச்சல், பயணமே இல்லையெண்டு சொல்லும்."

சொன்னாள். உடனே சுகம் விசாரிக்க வந்தார்கள். ஹோர்லிக்ஸ் போத்தலும் தோடம்பழமுமாகச் சனம் ஓயவில்லை. கொழும்பு வெக்கையில் கம்பளிக்குள் அவியவேண்டியதாயிற்று. பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அதை நிறுக்க ஒரு நேரம் வாய்க்கவில்லை. ஆளில்லாத நேரம் பார்த்து அன்னபாக்கியம் கண்டதையெல்லாம் அதில் திணித்தாள்.

நஸீறா கஞ்சி கொண்டுவந்தாள். கோப்பையை வைக்கக் குனிந்தவள் கட்டிலுக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் பெட்டிக்கு எத்தின கிலோ புடிக்கும் அங்கிள்?"

நாகேந்திரத்துக்கு உண்மையாகவே மேல் சுட்டது.

"அது உடைஞ்ச பெட்டி. பழைய துணிதான் கிடக்கு" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் போனதும் எழுந்து உட்கார்ந்தார். "காய்ச்சல்காரனையும் விடுறாளில்லை! என்ன நெஞ்சழுத்தம்!"

பயண நாளன்று பின்படியால் இறங்கி, கள்ளர் மாதிரி வான் ஏறினார்கள்.

விமான நிலையத்தில் பெட்டியைத் தராசில் வைத்ததும் கவுண்டரில் இருந்த பெண் உதட்டைப் பிதுக்கினாள். அவள் சொன்ன மேலதிகக் கட்டணத்துக்கு இன்னொரு டிக்கெட்டே எடுக்கலாம். அத்தனை பேர் பார்க்கப் பெட்டியை நிலத்தில் விரித்தார்கள். ஹோர்லிக்ஸ் போத்தல்கள் வெளியே வந்தன. இரண்டு சுவெட்டரை ஒன்றின் மேலொன்றாகப் போட்டுக்கொண்டார். சப்பாத்து, சேர்ட்டு எல்லாம் எடுத்துப் பார்த்தாயிற்று. பழைய காலத்துப் பெட்டி, அதுவே பாதிப் பாரம். கைப்பையோ ஏற்கெனவே பிதுங்கி நின்றது.

"சரக்கை எடும், பாக்கியம்" என்றார் கடைசியில், குரல் இறங்கி.

அன்னபாக்கியம் அந்தப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "என்ரை பிள்ளைக்கு இனி ஆர் இடிச்சுக் குடுக்கிறது?" என்று அழுதேவிட்டாள். நாகேந்திரமோ தன்னைத் தவிர வேறு யாரைக் குறைசொல்லலாம் என்று அப்போதும் தேடினார்.

"அங்கிள்!"

பக்கத்துக் கவுண்டரில் நஸீறா, புருஷனோடு. பெரிய பெட்டிகள் இரண்டு பட்டியில் ஏறி உள்ளே போய்க்கொண்டிருந்தன.

அவள் வாயெடுக்கமுன் நாகேந்திரம் பாய்ந்து பெட்டியை மூடி, அதன் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"இடமில்லை பிள்ளை! ஒரு கிலோவும் இடமில்லை!"

நஸீறா அவரையும், அழுதுகொண்டிருந்த அன்னபாக்கியத்தையும், நிலத்தில் கிடந்த பைகளையும் பார்த்தாள்.

"தெரியும் அங்கிள். எங்கட லண்டன் டிக்கட்ல ஒரு பெட்டி சும்மா இருந்திச்சு, மகளுக்கு ஏதும் அனுப்புறண்டா தாங்கண்டு கேக்கத்தான் ரெண்டு தரம் வந்தன். நீங்க பழைய துணிதானண்டு சொன்னதால நேத்துத்தான் கொச்சிக்கடை மாக்ரெட் அக்காட கருவாட்டுக்குக் குடுத்திட்டன்."