எடுக்கிற நேரம் சொன்ன ஊதுபத்தி

எங்கள் சேகோ ஆலையில் ஊதுபத்தியைப் போல அதிகத் தடவை செத்தவர் யாரும் கிடையாது.

ஆத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற ஆலை. மரவள்ளிக் கிழங்கு மாவை ஜவ்வரிசியாக உருட்டி, சிமெண்டுக் களத்தில் வெயிலில் காயப்போடுவோம். களத்துக்கு நான்தான் மேஸ்திரி. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இந்த வேலை போனால் வேறெது கிடைக்கும் என்ற கவலையிலேயே பாதி நாள் போய்விடும். மீதிப் பாதி மழைக் கவலை.

ஊதுபத்தி என்பது பட்டப்பெயர். ஆள் மூட்டை தைப்பவர். பரமத்தி வேலூர்க்காரர். கோடையில் மத்தியானம் ஆனதும் களத்து ஓரத்தில் மல்லாந்து படுப்பார். தலைமாட்டில் இரண்டு ஊதுபத்தி புகையும். கைகள் நெஞ்சின்மேல், கண்கள் வானத்தில். மூச்சு விடுகிறாரா என்று எனக்கே சந்தேகம் வரும்.

புதிதாக வந்த லாரி டிரைவர் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டார். என்னிடம் மெதுவாக, "எப்பங்க எடுக்கறாங்க?" என்றார்.

படுத்திருந்தவரே பதில் சொன்னார்: "அஞ்சு மணிக்குள்ள எடுத்துரோணுமுங்க. மழ வருது."

அவர் சொன்னது ஜவ்வரிசியை. டிரைவர் செருப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடினார்.

"எதுக்குய்யா இந்தக் கோலம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பொக கீழ்க்காத்தக் காட்டுமுங்க. மேகம் மேல்காத்தக் காட்டும். கெழக்க இருந்து வர்றது கீழ்க்காத்து, தாழ வரும். மேக்க இருந்து வர்றது மேல்காத்து, ஒசக்கப் போவும். பேரு வெச்சவன் படுத்துப் பாத்துத்தானுங்க வெச்சிருக்கான்!"

என் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் கோணி ஊசியை வைத்தார். கீழ்க்கையை மேற்கே தள்ளச் சொன்னார், மேல்கையைக் கிழக்கே. ஊசி உருண்டது.

"நடுவுல இருக்கற காத்தும் இப்படித்தானுங்க உருளுது. அடியில இருந்து வெக்க எழும்பி அதத் தூக்கி நிறுத்திட்டா, மேகமே சுத்த ஆரம்பிச்சுரும். கீழ்க்காத்து ஈரத்தக் கொண்டாந்து ஊட்டி உட்டுட்டே இருக்கோணும். ஊட்டாத மேகம் பசியிலயே செத்துரும்."

ஊசி என் கையில் குத்திவிட்டது. டி.டி. ஊசி போட்டும் மூன்று நாள் தூங்கவில்லை.

அவருடைய வெற்றிலைக் கொடிக்கால் அப்படிச் சுழன்று வந்த ஒரு மழையில்தான் மொத்தமாகச் சாய்ந்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் வானத்தைப் பார்க்கவில்லை.

நானோ எந்த மேகத்தின் நிழல் விழுந்தாலும் ஜவ்வரிசியை வாரச் சொல்லிவிடுவேன். பாதி காய்ந்ததைக் குவித்து மூடினால் புளித்துப் போகும். முதலாளி பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "இன்னொரு தடவ சும்மா வாரச் சொன்னே, மறுநாள் வேலைக்கு வராத."

மறுவாரமே சோதனை வந்தது. களம் நிறைய ஜவ்வரிசி. கழுவிவிட்ட தட்டு மாதிரி வானம். மேற்கே மலைமேல் மட்டும் பஞ்சு அளவுக்கு ஒரு மேகம். என் செல்போனில் சூரியன் சிரித்துக்கொண்டிருந்தான். ஊதுபத்தி எழுந்து உட்கார்ந்தார்.

"மேஸ்திரி, வாரச் சொல்லுங்க. பொக மேக்க படுக்குது, மேகம் கெழக்க வருது."

வாரி மழை வராவிட்டால் வேலை போகும். வாராமல் மழை வந்தாலும் வேலை போகும். "ஐயோ, நான் எப்படிய்யா சொல்லுவேன்?" என்றேன்.

அவர் பாக்கெட்டில் கையை விட்டார். "செரி, நீங்க சொல்ல வேண்டாம். நான் செத்துக்கறேன். நீங்க ஒரு சத்தம் மட்டும் போடுங்க."

பாக்கெட்டில் இருந்த ஊதுபத்தி அத்தனையும் கொளுத்தினார். படுத்தார். முதல் தடவையாகக் கண்ணையும் மூடிக்கொண்டார். கத்துவதற்கு நான் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

கிழங்கு உரிக்கும் பெண்கள் மொத்தமும் ஓடி வந்தார்கள். முன்னால் வந்த லூர்து அக்கா மாரில் அடித்துக்கொண்டார். "மாதாவே! தங்கமான மனுசனாச்சே!"

ஊதுபத்தி கண்ணைத் திறந்தார். "வந்ததே வந்தீங்க, ஆளுக்கொரு பக்கமா வாருங்க தாயி. மழ வருது."

"நாசமாப் போறவனே! தங்கம்னு சொன்னதத் திருப்பிக் குடுய்யா!"

திட்டிக்கொண்டேதான் வாரினார்கள். பஞ்சு மேகம் அதற்குள் மலையையே விழுங்கியிருந்தது. அதன் அடிவயிறு மெதுவாகச் சுழன்றது. கடைசித் தார்ப்பாயை இழுத்துக் கட்டும்போது முதல் துளி என் மூக்கில் விழுந்தது. அப்புறம் எதிரில் நின்ற ஆள் தெரியவில்லை.

முதலாளி குடையோடு ஓடி வந்தார். "யார்யா வாரச் சொன்னது?"

"செத்தவன் சொன்னேனுங்க" என்றார் ஊதுபத்தி. முதலாளி தார்ப்பாயைத் தூக்கிக் கையை விட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. குடையை என் தலைக்குமேலும் கொஞ்சம் நகர்த்திப் பிடித்தார்.

அன்றைக்கு மழை வராமல் போயிருந்தால் அந்தப் பழியும் செத்தவர் பெயரில்தான் எழுதப்பட்டிருக்கும். இது எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆனது.

இப்போது அவர் ஊரில் மறுபடி கொடிக்கால் போட்டிருக்கிறார். இங்கே கீழ்க்காற்று வீசினால் மழை வருமா என்று கேட்கிற சாக்கில் போன் செய்வேன். எடுத்ததும், "என்னைய இன்னும் எடுக்கலீங்க, மேஸ்திரி" என்பார்.

அதைக் கேட்ட பிறகுதான் நான் வானத்தையே பார்ப்பேன்.